பின்வளவுக் கொட்டிலின் திறப்பு

உடுவில்,
14.01.2024

அண்ணைக்குத் தங்கச்சி பொன்மலர் எழுதுவது.

கர்த்தருடைய தயவால் நானும் மகள் றஜனியும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் லண்டனில் அப்படியே இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். பன்னிரண்டு வருடமும் ஐந்து மாதமும் கழித்துக் கடிதம் வருகிறதே, இவளுக்கு மனம் இளகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்கு உங்கள் கொட்டில் பூட்டின் திறப்பு வேண்டும். அவ்வளவுதான்.

என்னிடம் இருபத்தொரு கோழி நின்றது. கார்த்திகை மழைக்குப் பிறகு வேலிக்கரையில் ஒரு கீரி குடிவந்துவிட்டது. மாமரத்தில் ஏறிப் படுக்கிறதை மரநாய் இறக்குகிறது, நிலத்தில் கிடக்கிறதைக் கீரி இழுக்கிறது. போன கிழமை செவலைப் பேடு அடைகிடந்தபடியே போய்விட்டது. இப்போது பதினாறு.

பின்வளவில் உங்கள் பங்குக் காணியில் நீங்கள் கட்டின கொட்டில் சும்மா நிற்கிறது. கல்லுச்சுவர், தகரச் சீற்றுக் கூரை, நல்ல கதவு. கதவில் நீங்கள் போட்டுவிட்டுப் போன ஆமைப்பூட்டு. மேசன் யாகப்பு வந்து பார்த்துவிட்டு, "அம்மா, மேல் சுவரிலை ரெண்டு ஓட்டை, அதுக்குக் கம்பிவலை. ரெண்டு நாளிலை கோழிக்கூடாக்கித் தாறன். பூட்டை மட்டும் உடையுங்கோ" என்றான்.

உங்கள் பூட்டை நான் உடைக்கமாட்டேன். 1959இல் உங்கள் தகரப்பெட்டியைத் திறந்து பேனையை எடுத்தது நான்தான் என்று அம்மாவிடம் சொல்லி, எனக்குப் பூவரசங் கம்பால் ஏழு அடி வாங்கித் தந்தீர்கள். மூன்றாம் நாள் பேனை உங்கள் காற்சட்டைப் பையிலிருந்து கிணற்றடியில் விழுந்தது. இன்று வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகவே திறப்பை அனுப்புங்கள்.

சேவல் விசயத்தைப் பற்றி நான் இங்கே கதைக்க வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன். வீடு கட்டப்போகிறேன் என்று வந்து, என் வீட்டில் ஆறு மாதம் இருந்து, என் சேவல் விடிய நாலு மணிக்குக் கூவுகிறது என்று அதன் காலை விறகுக் கட்டையால் முறித்தவர் நீங்கள். "உதை அறுக்கிறியோ, நான் போகவோ?" என்று கேட்டதும் நீங்கள். கேட்டதற்கு நான் பதில் சொன்னேன்.

றஜனி ரெலிபோனில் பேசச் சொல்கிறாள். வேண்டாம். உங்களுக்கு இப்போது காது கேட்காதாம். கேட்டதையும் கேட்கவில்லை என்பீர்கள். எழுத்து என்றால் கையில் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொன்மலர்


ஹரோ, லண்டன்
12.02.2024

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. ஆண்டவருடைய இரக்கத்தால் சுகமாய் இருக்கிறேன். ஜொனதனும் மருமகள் ஷாமினியும் சுகம். உன் எழுத்தைக் கண்டது பெரிய சந்தோசம். இன்னும் 'ழ'வுக்கு வால் நீட்டமாகத்தான் போடுகிறாய். பிறஷர் மருந்து ஒழுங்காக எடுக்கிறாயா?

கொட்டில் விசயம். அது மனிதன் சாமான் வைக்கக் கட்டினது. உயிர் இருப்பதற்கு ஏற்றதல்ல. வெளியே பார்க்கிறவர்களுக்கு நல்ல கட்டடம் போலத்தான் இருக்கும். உள்ளே இருந்து பார்த்தால்தான் தெரியும். மழை பெய்தால் கூரையில் உழுந்து கொட்டுகிற மாதிரிச் சத்தம், காது மந்தமானவனுக்கே கேட்கும். கதவின் கீழ் இடுக்கால் வருகிற காற்று நேரே கணுக்காலைப் பிடிக்கும். ஆதலால் யோசித்துச் செய்.

திறப்பு என் பழைய சூட்கேசில் இருக்கிறது. சூட்கேஸ் மேல் மாடியில். ஜொனதன் வேலை வேலை என்று திரிகிறான். அவன் ஆறுதலாக இருக்கிற நேரம் பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

சேவலின் காலை முறிக்க நான் நினைக்கவில்லை. வெருட்டத்தான் எறிந்தேன்.

றஜனிக்கு என் ஆசீர்வாதம்.

ஐசாக்


உடுவில்,
03.03.2024

அண்ணைக்கு,

சுகம். நீங்களும் சுகம் என்று எழுதியிருந்தீர்கள், நம்புகிறேன்.

நான் திறப்புக் கேட்டேன், நீங்கள் பிரசங்கம் அனுப்பியிருக்கிறீர்கள். அது வந்துசேர எடுத்த மூன்று கிழமைக்குள் இன்னும் இரண்டு போய்விட்டது. ஒன்று புள்ளிப் பேடு. முட்டையிட்டால் ஊருக்கே கேட்கக் கத்துவாள். இப்போது பதினாலு.

கதவின் கீழால் காற்று வந்து கணுக்காலைப் பிடிக்குமாம். கோழிக்கு எங்கே அண்ணை கணுக்கால்? மாசி பங்குனியில் உடுவிலில் எந்தக் கோழி குளிரில் செத்தது? இங்கே கல்லில் காலை வைத்தால் கொப்புளம் போடுகிறது.

இன்னொன்று கேட்கிறேன். உங்கள் சூட்கேசை எடுக்க மகனின் ஆறுதலை ஏன் பார்க்கவேண்டும்? மாடிப்படி ஏற ஏலாதென்றால் ஏலாது என்று எழுதுங்கள். ஷாமினியிடம் சொன்னால் எடுத்துத் தரமாட்டாளா? உரும்பிராய்ப் பிள்ளை. பொம்பிளை பார்க்கப் போன அன்று எனக்கு இரண்டாம் தேத்தண்ணியும் கொண்டுவந்து தந்தவள். நான் மறக்கவில்லை.

வெருட்ட எறிந்தவர் குறிபார்த்து எறிவதில்லை. அந்தச் சேவல் பிறகு நாலு வருடம் நொண்டினது. நொண்டிக்கொண்டே நாலு மணிக்குக் கூவினது.

திறப்பு.

பொன்மலர்


ஹரோ
11.04.2024

அன்புள்ள தங்கச்சி,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதே. இருமல் இருந்தது. இப்போது பரவாயில்லை.

திறப்பு எடுக்கிற வழி இப்போதைக்குச் சரிவராது. இந்தக் கடிதத்தால் உனக்கு அனுமதி தருகிறேன். ஐசாக் ஆகிய நான், என் கொட்டிலின் பூட்டை உடைக்கும்படி என் தங்கை பொன்மலரை என் முழு மனதுடன் கேட்கிறேன். இது போதுமா? கீழே கையொப்பமும் போட்டிருக்கிறேன்.

ஆனால் சில விசயங்கள் சொல்லவேண்டும், யாகப்புவுக்கு வாசித்துக் காட்டு. சுவர் முட்டும் இடத்தில் கூரையோடு ஒரு சாண் இடைவெளி விடு. இல்லாவிட்டால் உள்ளே விடுகிற மூச்சே மேலே போய்க் கூரையில் வியர்த்து, விடியப்புறம் சொட்டுச் சொட்டாக முகத்தில் விழும். படுக்கிற இடத்தை வெளிச்சுவர் ஓரம் வைக்காதே, முதுகில் ஈரம் ஏறும். நிலத்தில் வெறும் சீமெந்து கூடாது, ஏதாவது தடிப்பாக விரி. ஒரு யன்னல் கட்டாயம் வேண்டும். வெளியில் ஆள் போய் வருவது தெரிந்தால் பகல் போகும்.

சீமெந்துப் பைகள் ஆறும் உள்ளே இருக்கும். இறுகியிருக்கும். பொலித்தீனில் சுற்றின ஒரு கடதாசியும் இருக்கும். அதை எறியாதே.

ஆண்டவர் உன்னைக் காப்பார்.

உன் அண்ணை,
ஐசாக்


உடுவில்,
06.05.2024

அண்ணைக்கு,

தேகசுகம் குறைவில்லை. உங்கள் இருமல் எப்படி? மிளகும் கற்கண்டும் வாயில் அடக்குங்கள்.

பூட்டை உடைத்தாயிற்று. சும்மா உடைக்கவில்லை. போதகர் ஐயாவைக் கூப்பிட்டு, றஜனியையும் பக்கத்தில் நிறுத்தி, உங்கள் கடிதத்தைக் கொட்டில் வாசலில் உரத்து வாசிப்பித்தேன். யாகப்பு அலவாங்கோடு நின்று, "ஐயா, பூட்டு உடைக்கிறதுக்கும் உங்கடை சபையிலை ஒரு ஜெபம் இருக்கோ?" என்று கேட்டான். கத்தோலிக்க வேதக்காரனாய்ப் பிறந்தவனுக்கு வாய் அப்படி. ஐயாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாளைக்கு ஒருவரும் என்னைக் கள்ளி என்று சொல்லக்கூடாது.

சீமெந்து ஆறு பையும் பாறை. அலவாங்கு நெளிந்ததே தவிர அது உடையவில்லை. யாகப்பு அவற்றைச் சுவரின் வெளிப்புறம் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டான். இனிக் கீரி தோண்டினால் பல்லுப் போகும். ஒன்றும் வீணாகவில்லை.

கடதாசியை எறியவில்லை. பிரித்தும் பார்த்தேன். நீங்கள் கட்ட நினைத்த வீட்டின் படம். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தை. வீட்டு வாசல் றோட்டைப் பார்க்காமல் என் குசினி யன்னலைப் பார்க்கிறது. யாரைக் கேட்டு அப்படிக் கீறினீர்கள்? நான் சமைக்கிறதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்ற நினைப்பா? படத்தை என் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன், கறையான் வராது என்பதற்காக.

உங்கள் புத்திமதிகளை யாகப்புவுக்கு வாசித்தேன். "அம்மா, கோழி மல்லாந்து படுக்காதே. முகத்திலை எப்பிடிச் சொட்டு விழும்?" என்றான். எனக்கும் அதே கேள்விதான். கூரை வியர்க்கிறது, முதுகில் ஈரம் ஏறுகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கொட்டிலில் நீங்கள் ஒரு நாளும் படுத்ததில்லை. என் வீட்டு உள்ளறையில், என் கட்டிலில், என் மெத்தையில் படுத்தீர்கள்.

பதில் எழுதுங்கள்.

பொன்மலர்


ஹரோ
31.05.2024

தங்கச்சி,

நலம். நலமே விளைக.

எல்லாவற்றையும் துருவிக் கேட்பது உன் பழைய குணம். ஒரு மனிதன் நாலு விசயம் அறிந்திருக்கக்கூடாதா? கோழிகள் உள்ளே போயினவா, இல்லையா, அதை எழுது.

ஜொனதனுக்கு ரெலிபோன் எடுக்கவேண்டாம் என்று றஜனியிடம் சொல்.

ஐசாக்


உடுவில்,
21.06.2024

அண்ணைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை இந்தத் தடவை நான் கேட்கவில்லை, சொல்லப்போகிறேன்.

முதலில் கோழி. கூடு முடிந்துவிட்டது. குறுக்கே நாலு பூவரசந் தடி, முட்டைக்கு மூன்று பழைய கடகம், கீழே ஒரு முழங்கை ஆழத்துக்கு உமி. கூரைக்கு மேலே கிடுகு போட்டேன், வெக்கைக்கு. ஒன்றும் உள்ளே போகாது. பொழுதுபட்டால் மாமரத்தடியில் நின்று என்னையே பார்க்கிறதுகள். பிறகு பிடித்து அடைத்து, நாலு நாள் வெளியே விடாமல் உள்ளேயே தீனும் தண்ணியும் வைத்தேன். ஐந்தாம் நாள் திறந்தேன். அன்று பின்னேரம் தாங்களாகவே வரிசையில் உள்ளே போனதுகள். இப்போதும் பதினாலு. ஒன்றும் குறையவில்லை.

இனி நீங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், உங்களைப் படிப்பிக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் வாசித்தது மறக்காது. மாசி 12ஆம் திகதிக் கடிதத்தில், மழைச் சத்தம் காது மந்தமானவனுக்கே கேட்கும் என்றீர்கள். அதே கடிதத்தில், உங்கள் சாமான் மாடியில் இருக்கிறது, எடுக்க வழியில்லை. சித்திரை 11இல் முகத்தில் சொட்டு, முதுகில் ஈரம், யன்னலால் ஆள் போய் வருவது தெரிந்தால் பகல் போகும். இருமல். வைகாசி 31இல் நாலு வரி, அதில் ஒன்று ஜொனதனோடு கதைக்காதே.

உங்களை ஜொனதன் வீட்டுக்குள் வைத்திருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் வைத்திருக்கிறான். எண்பத்தொரு வயதில்.

ஓம் என்று எழுதுங்கள். அல்லது இல்லை என்று எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுதவேண்டாம்.

பொன்மலர்


ஹரோ
02.08.2024

அன்புள்ள தங்கச்சி,

ஓம்.

நீ வேறு ஒன்றும் எழுதவேண்டாம் என்றாய். நாலைந்து தரம் எழுதிக் கிழித்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு சுணக்கம்.

தோட்டத்து மூலையில் ஒரு மரக் கொட்டில். சைக்கிளும் புல்லு வெட்டுகிற மெசினும் நின்ற இடம். என் மனைவி மேரி ஆண்டவரிடம் போன பிறகு வீட்டில் எனக்கென்று ஒரு மூலை இல்லாமல் போனது. பேத்திக்குப் படிக்க அறை வேண்டும். இந்த நாட்டில் வீடுகள் சின்னன். கட்டில் இருக்கிறது, ஒரு ஹீற்றர் இருக்கிறது, யன்னல் இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல நான் விரும்பவில்லை. இரண்டு மாரி போய்விட்டது. மூன்றாவதுதான் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

உன் கோழிகள் உள்ளே போய்விட்டன என்று வாசித்ததும், எனக்கு அங்கே இருந்த ஒரே இடமும் முடிந்தது என்று விளங்கியது. கோபமில்லை. நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கிறது.

வந்துவிடவா என்று நினைத்த நாட்கள் உண்டு. ஆனால் 2011ஆம் ஆண்டு நீ, "போங்கோ. போனால் இந்த முத்தத்திலை திரும்பக் கால் வைக்காதேங்கோ" என்றாய். றஜனி கேட்கச் சொன்னாய். யாகப்பு கேட்கச் சொன்னாய். அந்தச் சொல் அங்கேதான் கிடக்கிறது. நீ அதை எடுக்காமல் நான் வரமுடியாது. எடுக்கிற ஆள் நீ இல்லை என்றும் எனக்குத் தெரியும்.

உன் உடம்பைக் கவனி.

அண்ணை


உடுவில்,
19.08.2024

தம்பி ஜொனதனுக்கு உடுவில் மாமி எழுதுவது.

நீயும் உன் குடும்பமும் நல்ல சுகமாக, நல்ல வீட்டுக்குள், நல்ல கூரையின் கீழே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் பதினாலு கோழிக்கு ஒரு கொட்டிலைத் திருத்தினேன். ஐந்து மாதம் யோசித்து, காற்றுப் பார்த்து, வெக்கை பார்த்து, உமி போட்டுத் திருத்தினேன். நீ உன் தகப்பனுக்கு என்ன போட்டாய்? புல்லு வெட்டுகிற மெசினை அங்கால் தள்ளிவிட்டுக் கட்டிலைப் போட்டாயாம். உனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது உன்னைச் சைக்கிள் பாரில் வைத்து, செல் குண்டு விழ விழ உடுவிலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு உழக்கினது அந்த மனிதன். நீ அன்று வாந்தி எடுத்த சேட்டைத் தோய்த்தது நான். நீல நிறம். இரண்டு பொத்தான் இல்லை.

உன் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

மாமி


ஹரோ
14.09.2024

மதிப்புக்குரிய மாமிக்கு,

மருமகள் ஷாமினி எழுதுகிறேன். எல்லோரும் சுகம். நீங்களும் றஜனியக்காவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தமிழ் எழுதிக் கனகாலம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை ஜொனதன் வாசித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. பதில் எழுத மாட்டேன் என்றார். அதனால் அவருக்குச் சொல்லாமல் நான் எழுதுகிறேன்.

மாமி, மாமாவை ஒருவரும் கொட்டிலுக்கு அனுப்பவில்லை.

மாமாவுக்குக் காது கேட்காததால், விடிய ஐந்து மணிக்குப் பாட்டுப் புத்தகத்தை எடுத்து முழுச் சத்தத்தில் பாடுவார். ஜொனதன் இரவு வேலை முடித்து மூன்று மணிக்குத்தான் வந்து படுப்பவர். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழும்பிப் போய், "அப்பா, விடியக் காத்தாலை கத்தாதேங்கோ. மனிசருக்கு நித்திரை வேண்டாமே?" என்று சொல்லிவிட்டார். எந்த நாளும் கேட்காத காதுக்கு அன்று மட்டும் கேட்டுவிட்டது. "கர்த்தரைப் பாடுறது உனக்குக் கத்துறதோ?" என்று கேட்டார். தலகணியையும் பாட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனார். இரண்டு வருடமாகிறது.

நான் கெஞ்சாத நாளில்லை. பேத்தி வேறு ஊரில் பல்கலைக்கழகம் போய்விட்டாள், அவளுடைய அறை வெறுமையாகத்தான் கிடக்கிறது. மாமாவின் கட்டிலும் விரித்தபடியே இருக்கிறது. குளிக்க மட்டும், ஜொனதன் இல்லாத நேரம் பார்த்து வருவார். மாடிப்படியில் கால் வைக்கமாட்டார். சாப்பாட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஹீற்றர் ஜொனதன் வாங்கினது என்று தெரிந்ததும் அதை நிற்பாட்டிவிட்டார். நான் வாங்கினது என்று பொய் சொல்லித்தான் திரும்பப் போட்டேன்.

ஜொனதன் மன்னிப்புக் கேட்கட்டும் என்று மாமா இருக்கிறார். "அவர் முதல் உள்ளை வரட்டும், பிறகு கேக்கிறன்" என்று இவர் இருக்கிறார். இரண்டு பேருக்கும் இடையில் கோப்பையோடு நான் நடக்கிறேன். உங்கள் குடும்பத்துக்குள் கல்யாணம் செய்து வரும்போது இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, மாமி.

நீங்கள் திறப்புக் கேட்டதை மாமா பிந்தித்தான் சொன்னார், சூட்கேசைத் தேடித் திறப்பை எடுத்து இதற்குள் வைத்திருக்கிறேன். இனி அது உங்களுக்குத் தேவைப்படாது என்று தெரியும்.

அன்புள்ள,
ஷாமினி


உடுவில்,
07.10.2024

அண்ணைக்குத் தங்கச்சி பொன்மலர் எழுதுவது.

நான் சுகமில்லை. பிறஷர் நூற்றெழுபது. காரணம் நீங்கள்.

ஷாமினி எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். அவளோடு ஒரு சொல் கோபமாகக் கதைத்தீர்களோ, அதற்கு நான் வேறாகக் கடிதம் போடுவேன்.

யாரையும் குற்றம் சொல்ல விரும்பவில்லை என்று பெரிய மனிதன் மாதிரி எழுதினீர்கள். உண்மைதான், சொல்லவில்லை. என்னைச் சொல்ல விட்டுவிட்டு அங்கே பேசாமல் இருந்தீர்கள். உங்கள் கடிதத்தை நம்பி அந்தப் பிள்ளையைக் கண்டபடி ஏசிவிட்டேன். 1959இல் பேனைக்கு அடிவாங்கித் தந்தது போதாது என்று, இப்போது என் கையாலேயே ஒரு குற்றமில்லாதவனுக்கு அடிக்க வைத்தீர்கள். ஜொனதனுக்கு நேற்று மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மூன்று வரி. எழுதி முடிக்க இரண்டு நாள் சென்றது. எனக்கு அந்த எழுத்துப் பழக்கமில்லை.

விடியப்புறம் கூவாதே என்று நீங்கள் என் சேவலுக்குச் சொன்னதைத்தான் உங்கள் மகன் உங்களுக்குச் சொல்லியிருக்கிறான். அவன் கட்டையால் எறியவில்லை, அதற்கு நன்றி சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு கோபமென்றால், இது எனக்குத் தெரியாத வருத்தமில்லை. எங்களைப் பெற்ற ஐயா தன் தமையனோடு வேலிப் பிரச்சினையில் கதை பேச்சை விட்டவர், செத்த வீட்டிலும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றவர். நீங்கள் ஒரு சேவலுக்காகப் பன்னிரண்டு வருடம். ஜொனதன் ஒரு சொல்லுக்காக இரண்டு வருடம். என்னை எண்ணத் தொடங்கினால் இந்தத் தாள் காணாது. வா என்று சொன்னால் வாய் வெந்துவிடும் என்று எல்லோரும் வாசலில் நிற்கிற குடும்பம். கோழி நாலு நாளில் பழகினது. மனிதரை அடைத்துவைத்துப் பழக்க முடியாது, எழுதித்தான் பார்க்கவேண்டும்.

ஆகவே எழுதுகிறேன். 2011 ஆவணி 6ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஆறேகாலுக்கு, முற்றத்தில் நின்று நான் சொன்ன சொல்லை எடுத்துவிட்டேன். றஜனிக்கும் சொன்னேன், யாகப்புவுக்கும் ஆள்விட்டுச் சொன்னேன், அன்று கேட்டவர்கள் அவர்கள்தானே. இனி அந்தச் சொல் இங்கே இல்லை.

வாங்கோ. உள்ளறையைத் துடைத்து யன்னலைத் திறந்து விட்டிருக்கிறேன். கொட்டிலைப் பற்றி யோசிக்க வேண்டாம், அது கோழிக்கு.

ஆனால் ஒரு சட்டம். நேரே அந்தக் கொட்டிலிலிருந்து பிளேனுக்கு ஏறக்கூடாது. முதலில் மகனுடைய வீட்டுக்குள் போங்கள். மாடியில் உங்கள் கட்டிலில் ஒரு மாதமாவது படுங்கள். மன்னிப்பை அவன் முதலில் கேட்டால் என்ன, நீங்கள் கேட்டால் என்ன, யாரும் கணக்கெடுக்கவில்லை. பிறகு அவனே கொண்டுவந்து பிளேன் ஏற்றிவிட, இங்கே வாருங்கள். ஒரு வீட்டில் கோபித்துக்கொண்டு வருகிற ஆளை நான் ஏற்கமாட்டேன். அப்படி வருகிறவர் இங்கேயும் ஒரு நாள் கோபித்துக்கொண்டு போவார். எனக்கு எழுபத்தாறு வயது. இன்னும் ஒரு பன்னிரண்டு வருடம் என்னிடம் இல்லை.

இன்னொன்று. இதை நான் றஜனிக்கும் சொன்னதில்லை. நீங்கள் போன நாளிலிருந்து நான் கோயிலில் திருவிருந்துக்கு எழும்பிப் போனதில்லை. சகோதரனோடு பகையை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தில் கைவைக்கக்கூடாது என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்தார்கள், உங்களுக்கும்தான். பகையை விட எனக்கு விருப்பமில்லை, பொய்யாகப் போகவும் விருப்பமில்லை. அதனால் ஒவ்வொரு மாதமும் முதலாம் ஞாயிறு முழுச்சனமும் எழும்பிப் போக, நான் மட்டும் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் முழங்கால் நோ, முட்டுக்குத்த ஏலாது என்றேன். றஜனி எண்ணெய் வாங்கித் தந்து தினமும் பூசிவிட்டாள், பாவம்.

நேற்று முதலாம் ஞாயிறு. எழும்பிப் போனேன். போதகர் ஐயா என்னைக் கண்டு அப்பத் தட்டோடு ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பின்னால் வாங்குகளில் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது, யார் யார் என்றும் தெரியும். முட்டுக்குத்தினேன். எழும்ப முடியவில்லை. றஜனி ஒரு பக்கமும் போதகர் ஐயா ஒரு பக்கமும் பிடித்துத்தான் தூக்கினார்கள்.

இன்றைக்கு முழங்கால் உண்மையாகவே நோகிறது.

பொன்மலர்